மூன்றாவது பாட்டு கொஞ்சம் நீளம்

ஒரு பாடகியைத் தனக்குப் பிடிக்கும் என்று நிரூபிக்க ஒரு மனிதன் எத்தனை கையெழுத்துப் போட வேண்டும்? ஏழு. கேட்போர் பேரவையின் விதி அப்படி. புதிய ஆல்பம் வெளிவந்த பதினைந்து நாளுக்குள் ஒவ்வொரு உறுப்பினரும் கருத்துப் படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்பித் தர வேண்டும். பிரதிக்கு இரண்டு கையெழுத்து. ஏழாவது கையெழுத்து, மேற்படி ஆறு கையெழுத்தும் தன்னுடையவைதான் என்று உறுதி சொல்வதற்கு.

படிவத்தில் ஆல்பத்தின் ஒன்பது பாட்டுக்கும் ஒன்பது வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் மூன்று கட்டங்கள்: உருகினேன், நெகிழ்ந்தேன், சொல்ல வார்த்தையில்லை. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே, 'வேறு கருத்து இருந்தால்' என்று நான்கு விரல் அகலத்துக்கு ஓர் இடம். அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு போடுவது வழக்கம். இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் பேரவை தொடங்கிய பத்தொன்பது வருடத்தில் கோடு போடாதவர் ஒருவர்கூடக் கிடையாது. ஸ்கேல் வைத்துப் போடுபவர்களுக்குத் தனி மரியாதை இருந்தது.

லென்ஸ்காரர் அந்த இடத்தில் எழுதிவிட்டார். 'மூன்றாவது பாட்டு கொஞ்சம் நீளம்' என்று எழுதினார்.

அவர் ஒன்றும் புரட்சிக்காரர் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. ஒரு நூல் கூடினால் லென்ஸ் உட்காராது, ஒரு நூல் குறைந்தால் விழுந்துவிடும். கூடுதல் என்றால் கூடுதல், குறைவு என்றால் குறைவு. அதில் யாரும் மனம் புண்பட்டு அவர் பார்த்ததில்லை. உலகம் முழுக்கவே அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தது அவருடைய அறியாமை.

தவிர, அந்தக் கருத்துகூட அவருடையதில்லை, அவர் மனைவியுடையது. மனைவி துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவர். ஆல்பம் வந்த அன்று சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்து, வலது காதை அதனருகே கொண்டுபோய் ஒன்பது பாட்டையும் கேட்டார். மூன்றாவது பாட்டில் ஒரு பெண் தொலைந்துபோன சாவியைத் தேடுகிறாள். பதினோரு நிமிடம் தேடுகிறாள். கடைசிவரை கிடைக்கவில்லை.

"நல்லாத்தாங்க இருக்கு," என்றார் மனைவி. "ஆனா கொஞ்சம் நீளம். கீழே நாலு விரல் மடிச்சுத் தைச்சா கச்சிதமா இருக்கும்."

லென்ஸ்காரருக்கும் அது சரியென்றே பட்டது. பட்டதை எழுதினார்.

மனைவி வலது காதைக் கொண்டுபோனதற்குக் காரணம் உண்டு. இடது காது போன வருடமே போய்விட்டது. வலது காதும் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் ஒரு கட்டம் போட்ட தாளில் கீழே இறங்கும் கோட்டைக் காட்டி, ஆறு மாதமோ ஒரு வருடமோ என்றார். கருவி மாட்டினால் பேச்சு கேட்கும், பாட்டு பாட்டாகக் கேட்காது என்றும் சொன்னார். இருவரும் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள். காலணியைக் கழற்றும்போது மனைவி சொன்னார்: "ஒரே ஒரு தடவை அவங்க பாடறதை நேர்ல கேட்டுடணுங்க. அந்தப் போர்வைப் பாட்டு. அது போதும்."

போர்வைப் பாட்டு, அந்தப் பாடகி தானே எழுதி மெட்டுப் போட்டுப் பாடிய முதல் ஆல்பத்தில் இருப்பது. ஒரே போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதைப் பற்றி மூன்று நிமிடம். கல்யாணமான புதிதில் இவர்கள் வீட்டிலும் ஒரே போர்வைதான் இருந்தது. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் லென்ஸ்காரர் பேரவையில் சேர்ந்தார்.

இப்போது ஆறு வருடத்துக்குப் பிறகு பாடகி மேடையேறுகிறார். ஒரே ஒரு மாலை. கடைசிப் பாட்டு போர்வைப் பாட்டு என்று அறிவிப்பே வந்துவிட்டது. அரங்கத்தின் ஆயிரத்து இருநூறு இருக்கையும் பேரவையின் கையில். கருத்துப் படிவம் ஏற்கப்பட்ட உள்ளூர் உறுப்பினருக்கு ஓர் இருக்கை, பக்கத்தில் ஒரு குடும்ப இருக்கை. ஏற்கப்படாதவருக்கு வீட்டு நாற்காலி.

மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக், அவனும் உறுப்பினன்தான். படிவம் நிறுத்திவைக்கப்பட்ட விஷயம் கேள்விப்பட்டதும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? ஒரு கோடு! ஒரு கோடு போட உங்களுக்குக் கை வரலையா?"

"கருத்து இருந்தா எழுதச் சொல்லி இருந்துச்சேப்பா."

"இருந்தான்னு போட்டிருந்தா, இல்லன்னு அர்த்தம் மாமா. இது கூடவா தெரியாது?"

பேரவை அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே பல்லைக் குடையும் சத்தம் தரை வழியாக ஏறிவந்து கால் விரல்களில் தெரியும். செயலாளர் பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பது வருடம் தரக் கட்டுப்பாடு பார்த்து ஓய்வு பெற்றவர். லென்ஸ்காரரின் படிவம் அவர் மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளரை வெயிட்டாக வைத்துத் தனியாகக் கிடந்தது.

"உக்காருங்க சார். நீங்க எழுதினது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன்," என்றார் செயலாளர். "எழுதினதுதான் தப்பு."

"சார், கோடு போட்டுக் கொடுத்துடறேன். இப்பவே."

"முத்திரை விழுந்துடுச்சே. இப்ப கோடு போட்டா அடித்தல் திருத்தல் ஆயிடும். எங்க பேரவையில அடித்தல் திருத்தல் கிடையாது சார். கருத்து ஒருதடவைதான் வரும், வரும்போதே நல்லா வரணும்."

"அப்ப நான் பேரவையை விட்டு விலகிக்கறேன் சார். எங்க வீட்டம்மாவுக்கு மட்டும் ஒரு சீட்டு..."

"விலகறதா?" செயலாளர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "கருத்து நிலுவையில இருக்கறவங்க விலக முடியாது சார். வெளிய போகணும்னாலும் முழு ரசிகரா ஆகித்தான் போகணும். அரைகுறையா எப்படி விடறது? நான் பிஸ்கட் கம்பெனியில இருந்தவன். ஓரம் உடைஞ்ச பிஸ்கட்டை நாங்க பாக்கெட்லயும் போட மாட்டோம், கம்பெனிக்கு வெளியிலயும் விட மாட்டோம்."

"பின்ன என்ன சார் பண்ணுவீங்க?"

"நாங்களே தின்னுடுவோம்," என்ற செயலாளர், மறுகேட்புக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

மறுகேட்பு என்பது, கருத்தில் பிசகிய உறுப்பினரை ஓர் அறையில் உட்காரவைத்து அந்தப் பாட்டைத் திரும்பப் போட்டுக் காட்டுவது. இதுவரை யாருக்கும் நடந்ததில்லை என்பதால் எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். ஜன்னலை மூடினார்கள். எதிரே இரண்டு சாட்சிகள். பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கண்ணீர் மேற்பார்வையாளர் உட்கார்ந்தார். வார நாட்களில் அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். அதே டார்ச்சைக் கொண்டுவந்து லென்ஸ்காரரின் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை பதினோரு நிமிடமும் கண் காய்ந்தே இருந்தது. மேற்பார்வையாளர் நோட்டில் 'ஓட்டம் இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

இரண்டாவது தடவை அழுகை வந்தது. பாட்டில் அந்தப் பெண் அலமாரியைத் திறந்து தேடும் இடத்தில், இந்தக் குரலை மனைவி இன்னும் எத்தனை நாள் கேட்பாள் என்று லென்ஸ்காரருக்குத் தோன்றியது.  கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட மறந்துபோனார். சாட்சிகள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். தப்பித்தோம் என்று அவர் நினைத்த நேரத்தில் மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலாவது நிமிஷம்," என்றார். "சார், இந்தப் பாட்டுக்குக் கண்ணீர் ஏழாவது நிமிஷத்துல. எட்டாயிரம் பேருக்கு அப்படித்தான் பதிவாகியிருக்கு. நாலாவது நிமிஷத்துல வந்தா அது சொந்தக் கண்ணீர். சொந்தக் கண்ணீரை நாங்க எடுத்துக்கறதில்ல."

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மறுகேட்புகளும் நடந்தன. இதில் பரிதாபம் என்னவென்றால், லென்ஸ்காரருக்கு அந்தப் பாட்டு முதலில் பிடித்துத்தான் இருந்தது. நீளம் என்றுதானே எழுதினார், பிடிக்கவில்லை என்றா எழுதினார்? ஐந்தாவது தடவை முடிந்தபோது, சாவி என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுகூடக் கை தயங்கியது. உண்மையிலேயே பிடிக்காமல் போன ஒரு பாட்டைப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டிய நிலைக்கு அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பேரவை அவருடைய கருத்துக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது.

இந்தச் செய்தி ஊருக்குள் கசிந்தது. மறுநாளே பழைய பாட்டு அணியினர் கடைக்கு வந்துவிட்டார்கள். பாடகியின் முதல் ஆல்பத்தோடு உலகத்தில் சங்கீதம் நின்றுவிட்டது என்பது இவர்கள் கொள்கை. தலைவர் ஒரு நீச்சல் பயிற்சியாளர். பேசும்போது நடுநடுவே மூச்சை இழுத்துப் பிடிப்பார்.

"பத்தொன்பது வருஷத்துல முதல் ஆம்பளை நீங்கதான் சார்," என்று லென்ஸ்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆல்பம் குப்பைன்னு தைரியமா எழுதியிருக்கீங்க."

"குப்பைன்னு எழுதலைங்க. மூணாவது பாட்டு கொஞ்சம் நீளம்னு..."

"அதேதான். மத்த எட்டும்?"

"மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாலாவது பாட்டு ரொம்பவே பிடிச்சுது."

நீச்சல்காரர் கையை விட்டார். நீண்ட நேரம் மூச்சை விடவில்லை. பிறகு பையிலிருந்து அவர்கள் அணியின் படிவத்தை எடுத்து நீட்டினார். ஒன்பது பாட்டுக்கும் ஒன்பது வரிசை. கட்டங்கள்: நொந்தேன், வெந்தேன், காதைப் பொத்தினேன். கீழே, 'ஏதாவது பிடித்திருந்தால்' என்று நான்கு விரல் இடம். "அதுல ஒரு கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க. நீங்க நம்ம ஆளு," என்றார்.

லென்ஸ்காரர் பேனாவை எடுக்கவில்லை. நீச்சல்காரர் கோபமாக வெளியேறும்போது, பேரவை அனுப்பிய ஒற்றன் என்று அவரைத் திட்டிவிட்டுப் போனார். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு மனிதன் நிற்பதற்கு நான்கு விரல் இடம்கூட இல்லை என்று அன்று அவருக்குப் புரிந்தது.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சிக்குப் போட்டுக்கொண்டு போகவென்று லென்ஸ்காரரின் சட்டை ஒன்றின் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தார். தையல் மெஷின் ஓடும்போது லென்ஸ்காரர் பேசினால் இப்போதெல்லாம் அவருக்குக் கேட்பதில்லை. மெஷினை நிறுத்திவிட்டு வலது பக்கமாகத் திரும்பி, "என்ன சொன்னீங்க?" என்பார். அன்றும் அப்படித்தான் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. சீட்டு வந்துடும்னு சொன்னேன்."

"வரும்ங்க. நீங்க என்ன கொலையா பண்ணிட்டீங்க?"

நிகழ்ச்சிக்கு எட்டு நாள் இருக்கும்போது பேரவையின் பொதுக்குழு கூடியது. லென்ஸ்காரரைக் கடைசி வரிசையில், இரண்டு பக்கமும் காலியாக விட்டு உட்காரவைத்தார்கள். அவருக்கு வியர்த்துக்கொட்டியது. தலைவர் எழுந்தார். அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். பேச்சைத் தொடங்குமுன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

"நண்பர்களே," என்றார். "நம்ம பாடகி பாடறாங்க. சந்தோஷம். எழுதறாங்க, மெட்டுப் போடறாங்க. அதுவும் சந்தோஷம். ஆனா பாட்டு அவங்க வாயை விட்டு வெளிய வந்த பிறகு, அதுல அவங்களுக்கு என்ன வேலை? கேக்கறது யாரு? நாம! அழறது யாரு? நாம! எந்த நிமிஷத்துல அழணும்னு முடிவு பண்றது யாரு? நானும் செயலாளரும்!"

கைதட்டல் எழுந்தது. தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சில பேர் கேக்கறாங்க, இந்தப் பேரவையில சுதந்திரம் இருக்கான்னு. இருக்கு. படிவத்துல மூணு கட்டம் எதுக்கு வச்சிருக்கோம்? ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தா யாரு கேக்கப்போறா? நான்தான் சொன்னேன், வேணாம், மூணா இருக்கட்டும், மக்கள் விருப்பப்படி உருகட்டும்னு. இதுக்கு மேல ஒரு சுதந்திரத்தை நான் எங்க போய் வாங்கிட்டு வர்றது?"

பிறகு தலைவர் குரலைத் தாழ்த்தினார். ஒரு பத்திரிகையில் வந்த குறிப்பை வாசித்தார். புதிய ஆல்பத்தைப் பற்றிப் பேரவையின் பன்னிரண்டாயிரம் உறுப்பினர்களும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள், இவர்கள் பாட்டைக் கேட்டார்களா அல்லது படிவத்தை மட்டும் கேட்டு வாங்கினார்களா என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தார். மேடை நிகழ்ச்சிக்கு அந்த விமர்சகரும் வருகிறார்.

"அவர் வரட்டும்," என்றார் தலைவர். "நம்மகிட்டயும் கலவையான கருத்து உண்டுன்னு காட்டுவோம். எத்தனை? ஒண்ணு. ஒண்ணு போதும். ரெண்டு இருந்தா அது குழப்பம்."

எல்லோரும் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். லென்ஸ்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கலவைக் கருத்துப் பொறுப்பாளர் என்ற பதவி ஏகமனதாக உருவாக்கப்பட்டு, அதே ஏகமனதோடு அவருக்கு வழங்கப்பட்டது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பட்டையும் கொடுத்தார்கள். பதவிக் காலம் எத்தனை வருடம் என்று அவர் மெதுவாகக் கேட்டார். அப்படி ஒன்றும் வைக்கவில்லை என்றார் செயலாளர்.

ஆனால் சீட்டு கிடைத்துவிட்டது. இரண்டு சீட்டு. லென்ஸ்காரர் படிகளில் இரண்டிரண்டாக இறங்கினார். பல் மருத்துவமனை வாசலில் வீங்கிய கன்னத்தோடு காத்திருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்கு வந்து மனைவியின் வலது காதருகே குனிந்து, "கிடைச்சிடுச்சு," என்றார். மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிமிடம் பார்த்து அழவில்லை.

நிகழ்ச்சி அன்று மாலை ஐந்தரை மணிக்கே அரங்க வாசலில் நின்றார்கள். மைத்துனன் தொண்டர் பட்டை குத்திக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். எல்லோர் கையிலும் ஒரு கைப்புத்தகம் கொடுக்கப்பட்டது. எந்தப் பாட்டுக்கு எத்தனை நிமிடம், எந்த நிமிடத்தில் கைதட்டல், எந்த நிமிடத்தில் கைக்குட்டை என்று அதில் அட்டவணை இருந்தது. கடைசிப் பக்கத்தில், 'இந்நிகழ்ச்சி பற்றி: கலவையான கருத்து' என்று பெரிய எழுத்தில் அச்சாகி, கீழே லென்ஸ்காரரின் படம்.

"அக்கா, உனக்கு ஆறாவது வரிசை. பதினாலாம் நம்பர்," என்றான் மைத்துனன். "மாமா, நீங்க இப்படி வாங்க."

"ஏன்? எனக்குப் பதிமூணுதானே?"

"பதிமூணு காலியாத்தான் இருக்கும் மாமா. உங்களுக்குத் தனி அறை."

மேடையின் பக்கவாட்டில், சுவரோடு சேர்ந்த ஒரு சின்ன அறை. முன்பக்கம் முழுக்கக் கனமான கண்ணாடி. சுவரிலும் கதவிலும் பஞ்சு வைத்து அடித்திருந்தார்கள். கதவைச் சாத்தியதும் அரங்கத்தின் இரைச்சல் கத்தரித்தாற்போல நின்றது. உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு பிளாஸ்க், பெஞ்சில் கண்ணீர் மேற்பார்வையாளர்.

"இது எதுக்குங்க?" என்றார் லென்ஸ்காரர்.

"உங்க கருத்து அச்சாயிடுச்சு சார். இனிமே நீங்க பாட்டைக் கேட்டீங்கன்னா கருத்து மாறிட வாய்ப்பிருக்கு. முழுக்கப் பிடிச்சுப்போச்சுன்னா? இல்ல, முழுக்கப் பிடிக்காமப் போச்சுன்னா? பொறுப்பான பதவி சார் இது. கேக்காம இருந்தாத்தான் கருத்து கெடாம இருக்கும்."

"நான் வெளிய போறேன். கதவைத் திறங்க."

"தாராளமா. ஆனா அந்தப் பதினாலாம் நம்பர் குடும்ப இருக்கை. பொறுப்பாளர் பொறுப்புல இல்லன்னா, குடும்பத்தையும் எழுப்பி வெளிய அனுப்ப வேண்டியிருக்கும். அதான் விதி."

லென்ஸ்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஆறாவது வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தார். வலது காது மேடையைப் பார்த்து இருக்கும்படி சற்றுத் திரும்பி, கையைக் காலி இருக்கையின் மேல் வைத்திருந்தார். அவள் கேட்டால் சரி. நான் கேட்டு என்ன ஆகப்போகிறது? லென்ஸ்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது, எரிந்தது. பாடகி வந்தார். வாய் அசைந்தது, கை அசைந்தது. ஆயிரத்து இருநூறு பேரும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். விமர்சகர் முன்வரிசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி மட்டும் கைப்புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை, அதை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

இடைவேளையில் கதவு திறந்தது. பாடகி உள்ளே வந்தார். பிளாஸ்க் அவருடையது. வெந்நீரை ஊற்றி இரண்டு வாய் குடித்த பிறகுதான் பெஞ்சில் ஆள் இருப்பதைப் பார்த்தார். சட்டைப் பட்டையைப் படித்தார்.

"மூணாவது பாட்டு நீளம்னு எழுதினவர் நீங்களா?"

லென்ஸ்காரர் எழுந்து நின்றார். "மன்னிச்சிடுங்கம்மா. தெரியாம..."

"எனக்கும் அப்படித்தாங்க தோணுது," என்றார் பாடகி. "ரெக்கார்ட் பண்ணின மறுநாளே தோணிச்சு. நாலு நிமிஷத்துல சாவி கிடைச்சுட்டா நல்லா இருக்கும். மேடையிலயாவது குறைச்சுக்கறேன்னு கேட்டேன். ஏழாவது நிமிஷத்துல எட்டாயிரம் பேர் அழுதிருக்காங்க, அவங்களுக்கு என்ன பதில் சொல்வீங்கன்னு உங்க தலைவர் கேட்டார். என் பாட்டைப் பத்தி எனக்கே கலவையான கருத்து வந்தா எந்த ரூம்ல உக்கார வைப்பாங்களோ, பயமா இருக்கு."

மேற்பார்வையாளர் இருமினார்.

"நீளம்னு நான் சொல்லலம்மா," என்றார் லென்ஸ்காரர். "எங்க வீட்டம்மா சொன்னாங்க. ஆல்டரேஷன் தைக்கிறவங்க. ஆறாவது வரிசையில இருக்காங்க. ஒரு காதுதான் கேக்கும். அதுவும் இன்னும் கொஞ்ச நாள்தான். உங்க போர்வைப் பாட்டைக் கேக்கத்தான் வந்திருக்காங்க."

பாடகி கண்ணாடி வழியாக ஆறாவது வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் பாதியில் இரண்டே பாட்டு. முதலில் சாவிப் பாட்டு, அப்புறம் போர்வைப் பாட்டு. பாடகி பாடத் தொடங்கியதும் லென்ஸ்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. நான்காவது நிமிடம் முடியும்போது பாடகி உள்ளங்கையை உயர்த்தி, எதையோ கண்டெடுத்தவர் மாதிரி மூடினார். வணங்கினார். பாட்டு முடிந்துவிட்டது.

அரங்கம் அசையவில்லை. கைக்குட்டைகள் பாதி மடிப்பில் நின்றன. எல்லோரும் கைப்புத்தகத்தைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், மறுபடி கைப்புத்தகத்தைப் பார்த்தார்கள். கைதட்ட இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. விமர்சகர் கையைத் தூக்கினார், சுற்றிலும் பார்த்துவிட்டுக் கீழே இறக்கிக்கொண்டார். செயலாளர் எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

ஆறாவது வரிசையில் ஒரே ஒரு ஆள் எழுந்து நின்று கைதட்டினார். தலைக்கு மேல் கையைத் தூக்கி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு தட்டினார். லென்ஸ்காரர் தன்னையறியாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கூடவே தட்டினார். அப்போதுதான் மைத்துனன் வரிசைக்குள் நுழைவதைப் பார்த்தார். அவன் குனிந்து அக்காவின் கையைப் பிடித்தான். அவர் ஒன்றும் புரியாமல் அவன் பின்னால் வந்தார்.

கதவு திறந்தது. "சும்மா அஞ்சு நிமிஷம்க்கா," என்று மைத்துனன் சொல்லிக்கொண்டிருந்தான். "அட்டவணையில இல்லாத கைதட்டல் வேறு கருத்துல சேருது. நான் என்ன பண்ணட்டும், விதி." அக்காவை உள்ளே விட்டுவிட்டு வெளியிலிருந்து கதவைத் தாழிட்டான்.

மனைவியின் சிரிப்பு அப்படியே நின்றது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். வலது காதை உள்ளங்கையால் மூடினார், எடுத்தார், மறுபடி மூடினார். 

"என்னங்க," என்றார். "போயிடுச்சுங்க."

 லென்ஸ்காரர் பாய்ந்துபோய் மனைவியின் வலது பக்கம் நின்றுகொண்டு கத்தினார். "இல்ல! இல்லம்மா! இந்த ரூம் அப்படி. சத்தம் வராத மாதிரி கட்டியிருக்காங்க. நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது." அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார் மனைவி. "உங்களுக்கும் கேக்கலையா? நிஜமாவே?"

"எனக்கும் கேக்கல. நிஜமா."

"அப்பாடா," என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.  பிறகு மெதுவாகத் திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மேடையில் வெளிச்சம் குறைந்திருந்தது. பாடகி ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறாவது வரிசையில் காலியாகக் கிடந்த இரண்டு இருக்கைகளைப் பார்த்தபடி பாடத் தொடங்கியிருந்தார்.

"போர்வைப் பாட்டாங்க?"

"ஆமா."

லென்ஸ்காரர் கதவைத் தட்டினார், தோளால் மோதினார், காலால் உதைத்தார். பஞ்சு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. "நிகழ்ச்சி முடிஞ்சதும் தானா திறப்பாங்க சார்," என்றார் மேற்பார்வையாளர் ஆறுதலாக. மனைவி எழுந்துபோய் வலது காதைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். லென்ஸ்காரர் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"நல்லாப் பாடறாங்களா?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

கண்ணாடிக்கு அப்பால் ஆயிரத்து இருநூறு பேர் ஒரே நொடியில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள்.

"ரொம்ப நல்லாப் பாடறாங்க," என்றார் லென்ஸ்காரர். "ஒரு குறையும் இல்ல."

மேற்பார்வையாளர் பையிலிருந்து ஒரு புதுப் படிவத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி தெரிந்தது.

"இதைத்தானே சார் ஒரு மாசமா கேட்டுட்டிருந்தோம்," என்றார். "அப்படியே எழுத்துல கொடுத்துடுங்க."